கீபோர்டு எங்கே வேலை செய்கிறது?

“லினக்ஸ்ல கீபோர்டு வேலை செய்யல, என்ன பண்ணலாம்?” என்று யாராவது வாட்ஸ்அப்பில் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “சரி, எங்கே வேலை செய்யுது?”

கேட்டவருக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும். வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவரிடம் வேலை செய்யும் இடத்தைக் கேட்டால் கிண்டல் என்றுதான் நினைப்பார். ஆனால் இதற்கு ஒழுங்காகப் பதில் வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நம் லாக் விளக்கு ஒரு தடவை மின்னுகிறதா? டெலிட் அல்லது எஃப்2 அழுத்தினால் பயாஸ் திறக்கிறதா? கிரப் மெனுவில் அம்புக்குறியை அழுத்தினால் மேலும் கீழும் போகிறதா? டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால் அந்த பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் டைப் ஆகிறதா? லாகின் திரையில்? உள்ளே போன பிறகு டெர்மினலில்? இல்லை, ஏதோ ஒரு மென்பொருளில் மட்டும்தான் தகராறா?

எதுவரை வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று தெரிந்தால் போதும். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எடுத்தவுடன் குழாயைக் கழற்ற மாட்டோம். மேலே டேங்கில் இருக்கிறதா, கேட் வால்வு திறந்திருக்கிறதா என்று பார்ப்போம். இணையத்தில் தேடினால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் நேராகக் குழாயைக் கழற்றச் சொல்கிற ரகம். இந்த கர்னல் பாராமீட்டரைப் போடு, அந்த மாட்யூலை பிளாக்லிஸ்ட் பண்ணு என்று அடுக்கியிருப்பார்கள். எழுதினவருக்கு அது பலித்திருக்கும், பொய் சொல்லவில்லை. அவருக்கு வந்த நோய் வேறு, அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதப்போகிறேன். வாய்விட்டுப் படித்தால் எந்த எழுத்தைத் தட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஒரு விசையை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். யுஎஸ்பி கீபோர்டில் ‘ஏ’ விசையை அழுத்தினால் ‘ஏ’ என்ற எழுத்து கம்பி வழியாகப் போவதில்லை. 4 என்ற எண் போகிறது. ‘பி’ என்றால் 5, ‘சி’ என்றால் 6, இப்படியே ‘இஸட்’ 29 வரை. கீபோர்டு தானாக அனுப்புவதும் இல்லை. சில மில்லிநொடிக்கு ஒருமுறை கம்ப்யூட்டர்தான் “ஏதாவது இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இருந்தால் கீபோர்டு ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டும். எளிய கீபோர்டுகளில் அந்தப் பொட்டலம் 8 பைட். முதல் பைட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் வகையறா, இரண்டாவது காலி, மீதி ஆறில் அப்போது அழுத்தியிருக்கும் விசைகளின் எண்கள். ஒரே நேரத்தில் ஆறு விசைக்குமேல் பிடிக்காத கீபோர்டுகளின் ரகசியம் இதுதான்.

இந்த 4 கர்னலுக்குள் போனதும் 30 ஆகிறது. லினக்ஸின் உள்ளீட்டு அமைப்பில் ‘ஏ’ விசைக்கு அதுதான் எண். பழைய எக்ஸ் சர்வருக்கு வரும்போது அதோடு 8 சேர்ந்து 38 ஆகும், எக்ஸில் விசை எண்கள் 8இலிருந்து தொடங்குவதால். அதற்கப்புறம்தான் கீபோர்டு லேஅவுட் என்ற அட்டவணையைப் பார்த்து, 38 என்றால் ஆங்கில ‘ஏ’வா, பிரெஞ்சு கீபோர்டின் ‘க்யூ’வா என்று முடிவாகிறது. நம்மைப்போல் தமிழில் தட்டுகிறவர்களுக்கு இன்னொரு படி உண்டு. ஐபஸ் அல்லது ஃபிசிட்எக்ஸ் அந்த எழுத்தை நடுவழியில் வாங்கி, தமிழ்99 கணக்குப்படி ‘அ’ ஆக்கி மென்பொருளிடம் கொடுக்கும். இத்தனை கை மாறி வருகிற ஒன்று வழியில் எங்கே வேண்டுமானாலும் தொலையலாம்.

பயாஸில் வேலை செய்கிற கீபோர்டு லினக்ஸில் ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பயாஸில் இருப்பது வேறு டிரைவர். அதற்குத் தெரிந்தது அந்த 8 பைட் பொட்டலம் மட்டும்தான். கிரப்பும் பெரும்பாலும் பயாஸின் தயவில்தான் ஓடுகிறது. கர்னல் ஏறியதும் யுஎஸ்பி கன்ட்ரோலரைப் பயாஸிடமிருந்து பிடுங்கி, முதலிலிருந்து எல்லாக் கருவிகளையும் புதிதாகப் பெயர் கேட்டு, முகவரி கொடுத்து, டிரைவர் மாட்டும். பயாஸில் செய்தது என்பதால் கம்பியும் போர்ட்டும் ஓரளவு நன்றாக இருக்கின்றன என்றுதான் அர்த்தம். வேறெதற்கும் அது சாட்சி இல்லை.

இதற்கு நேர்மாறான கேஸும் உண்டு. லினக்ஸுக்குள் ஜம்மென்று ஓடும் கீபோர்டு பயாஸிலும் கிரப்பிலும் பேச்சுமூச்சு இல்லாமல் கிடக்கும். அநேகமாக பயாஸில் ஃபாஸ்ட் பூட் ஆன் ஆகியிருக்கும். நேரம் மிச்சம் பிடிக்க யுஎஸ்பியைத் தொடாமலே தாண்டிவிடும். ‘லெகசி யுஎஸ்பி சப்போர்ட்’ அணைந்திருந்தாலும் இதே கதை. கீபோர்டு இல்லாமல் பயாஸுக்குள் எப்படிப் போய் அதை மாற்றுவது என்று கேட்பீர்கள். யுஇஎஃப்ஐ இயந்திரமாக இருந்தால் லினக்ஸுக்குள்ளிருந்தே ‘சிஸ்டம்சிடிஎல் ரீபூட்’ கட்டளையோடு, இரண்டு கோடு போட்டு ‘ஃபர்ம்வேர்-செட்டப்’ என்று கொடுங்கள். அடுத்த தடவை நேரே பயாஸில் போய் நிற்கும். அங்கே மவுஸ் வேலை செய்தால் பிழைத்தீர்கள், இல்லையென்றால் வேறொரு பழைய கீபோர்டைக் கடன் வாங்குங்கள். விசைகள் எத்தனை அழுத்தினாலும் பிடிக்கும் என்று விளம்பரம் செய்கிற விலை உயர்ந்த கேமிங் கீபோர்டுகளில் சில, பயாஸுக்குப் புரியாத மொழியில் பேசுவதும் உண்டு. அதற்காகவே பல மாடல்களில் அடியில் ஒரு சின்ன சுவிட்சோ, விசைச் சேர்க்கையோ வைத்திருப்பார்கள்.

சரி, லினக்ஸுக்குள் வந்துவிட்டோம். இங்கே முதலில் தட்ட வேண்டிய கதவு டிமெஸ்ஜி. ‘சூடோ டிமெஸ்ஜி’ என்று போட்டு, ஒரு இடம் விட்டு, சின்னக்கோடும் டபிள்யுவும். கர்னல் பேசுவதை நேரடி ஒலிபரப்பாகக் கேட்கலாம். இதை ஓடவிட்டுவிட்டுக் கீபோர்டைப் பிடுங்கி மறுபடி சொருகுங்கள். இதைச் செய்யாமல் வேறு எதையும் செய்யாதீர்கள் என்பது என் கட்சி.

டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இப்படித்தான் போன் செய்தார்.

“தம்பி, புது கீபோர்டுப்பா. காலைலதான் வாங்கினேன். லினக்ஸ்ல எடுக்க மாட்டேங்குது. கடைக்காரன் விண்டோஸ்ல போட்டுக் காட்டினான், நல்லா ஓடுச்சு.”

“பழைய கீபோர்டு இருக்காண்ணே?”

“இருக்கு. நாலு எழுத்து அழிஞ்சு போச்சே தவிர ஓடுது.”

“அதைச் சொருகி டெர்மினலைத் திறங்க.” கட்டளையைச் சொல்லித் தட்ட வைத்தேன். “இப்ப புதுசைச் சொருகுங்க. என்ன வருது, படிங்க.”

“நியூ லோ-ஸ்பீடு யுஎஸ்பி டிவைஸ்னு ஒண்ணு. அப்புறம் சிவப்புல, டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் மைனஸ் 71. திரும்பத் திரும்ப அதேதான் வருது. கடைசில, அனேபிள் டு எனுமரேட்னு முடிச்சிருச்சு.”

“முன்பக்கம் சொருகியிருக்கீங்களா, பின்பக்கமா?”

“குனிய முடியலப்பா, முன்பக்கம்தான்.”

“இந்த ஒரு தடவை குனிங்கண்ணே.”

பின்பக்கம் சொருகியதும் எடுத்துக்கொண்டது. மைனஸ் 71 என்றால் கர்னலின் கணக்கில் பேச்சுமுறைப் பிழை. யார் நீ என்று கேட்டால் கீபோர்டின் பதில் சிதைந்து வருகிறது. மைனஸ் 110 வந்தால் பதிலே வரவில்லை, கேட்டுக் கேட்டு நேரம் முடிந்துவிட்டது. இரண்டுமே டிரைவர் கோளாறு போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் கம்பி, போர்ட், மின்சாரம் இந்த மூன்றில் ஒன்றுதான். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டுகள் ஒரு மெல்லிய ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. அந்த ஒயரின் தரம் கேபினெட் விலையைப் பொறுத்தது. கேபினெட் வாங்கும்போது பளபளப்பான கண்ணாடியைப் பார்க்கிறோமே ஒழிய அந்த ஒயரை யார் பார்க்கிறார்கள்? விண்டோஸில் ஓடியதே என்பது இங்கே செல்லாது, கடைக்காரர் போட்டுக் காட்டியது வேறு இயந்திரம்.

நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளும் இதே ரகம். சாதாரணக் கீபோர்டு நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் பேசுகிறது, அந்த வேகத்துக்குக் கம்பி 3 மீட்டர் தாண்டக்கூடாது என்பது கணக்கு. மின்சாரம் இல்லாத ஹப்பில் ஹார்ட் டிஸ்க், வெப்கேம், கீபோர்டு எல்லாவற்றையும் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. யுஎஸ்பி 2 போர்ட் ஒன்று கொடுக்கக் கடமைப்பட்டது 500 மில்லிஆம்பியர், அதைத்தான் அத்தனை பேரும் பங்குபோட வேண்டும். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் மொபைல் சார்ஜரில் ஓட்டிவிட்டு, ஒரு எழுத்து தட்டினால் பத்து விழுகிறது என்பார்கள். முதலில் நல்ல அடாப்டர் மாட்டிப் பாருங்கள்.

வயர்லெஸ் கீபோர்டா? குட்டி ரிசீவரை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில், வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் சொருகியிருந்தால் எழுத்து விட்டுவிட்டு வரும். யுஎஸ்பி 3 ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழுகிறது. 2012இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து ஓர் அறிக்கை போட்டது. ஒரு முழ எக்ஸ்டென்ஷன் வாங்கி ரிசீவரைத் தள்ளி வையுங்கள், போதும்.

டிமெஸ்ஜியில் பிழை எதுவும் இல்லை, கீபோர்டின் பெயர் அழகாக வருகிறது, ஆனாலும் எழுத்து விழவில்லை என்றால் அடுத்தது ஈவிடெஸ்ட். அதை ஓட்டினால் உள்ளீட்டுக் கருவிகளின் பட்டியல் வரும், உங்கள் கீபோர்டின் எண்ணைக் கொடுங்கள். ‘ஏ’வைத் தட்டினால் 30 என்ற எண்ணும், அழுத்தினால் 1, விட்டால் 0, பிடித்துக்கொண்டிருந்தால் 2 என்றும் வரிகள் ஓடும். ஒரே கீபோர்டு பட்டியலில் இரண்டு மூன்று பெயரில் இருப்பதும் உண்டு, ஒலி கூட்டும் விசைகளெல்லாம் தனிக் கருவியாகப் பதிவாகும். எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். இங்கே எண்கள் ஓடினால் யுஎஸ்பி, கம்பி, டிரைவர் மூன்றும் நிரபராதி. இனி மேல்மாடியில் தேட வேண்டும். வேறொரு செயலி இந்தக் கருவியைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற அறிவிப்பு வந்தால், விசைகளை மாற்றி அமைக்கும் கீடி போன்ற ஏதோ ஒன்றை எப்போதோ நிறுவி மறந்திருக்கிறீர்கள்.

இப்போது எனக்குப் பிடித்த கேஸ். நண்பர் ஒருவர் ஆர்ச் லினக்ஸ்காரர், டிஸ்க்கை முழுதாகப் பூட்டி வைத்திருப்பவர். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மானிட்டரும் வெளிக் கீபோர்டும் வைத்து வேலை செய்ய ஆசைப்பட்டார். கிரப் மெனுவில் கீபோர்டு ஓடுகிறது. பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் ஒரு நட்சத்திரம் விழவில்லை. லேப்டாப்பைத் திறந்து அதன் சொந்தக் கீபோர்டில் தட்டினால் உள்ளே விடுகிறது. உள்ளே போனபின் வெளிக் கீபோர்டும் அருமையாக ஓடுகிறது. முன்னாலும் பின்னாலும் வேலை செய்து நடுவில் மட்டும் செத்துப்போகும் கீபோர்டு!

அந்த நடுவில் ஓடிக்கொண்டிருப்பது முழு லினக்ஸ் அல்ல. டிஸ்க்கே இன்னும் பூட்டிக் கிடக்கிறதே, டிரைவர்கள் எங்கிருந்து வரும்? இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு சின்ன மூட்டை கர்னலோடு சேர்ந்து நினைவகத்துக்குள் ஏறும், டிஸ்க்கைத் திறக்கத் தேவையான சாமான்கள் மட்டும் அதில் இருக்கும். மூட்டையைச் சின்னதாக வைக்க, அதைக் கட்டும் நிரல் ‘இப்போது இந்த இயந்திரத்தில் என்னென்ன ஓடுகிறது’ என்று பார்த்து அதற்கான டிரைவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆர்ச்சில் இந்த வடிகட்டலின் பெயர் ஆட்டோடிடெக்ட். மூட்டை கட்டிய அன்று வெளிக் கீபோர்டு சொருகப்படவில்லை. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு யுஎஸ்பியே அல்ல, 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 வகையறாவின் வாரிசு. ஆகவே யுஎஸ்பி கீபோர்டு டிரைவர் மூட்டைக்குள் ஏறவில்லை.

தீர்வு ஒரே வரி. மூட்டை கட்டும் எம்கேஇனிட்சிபிஐஓ நிரலின் அமைப்புக் கோப்பில் ஹூக்ஸ் என்ற வரியில் ‘கீபோர்டு’ என்பதை ‘ஆட்டோடிடெக்ட்’டுக்கு முன்னால் நகர்த்த வேண்டும். ஆட்டோடிடெக்ட் அதற்குப் பிறகு வருகிறவற்றைத்தான் வடிகட்டும், முன்னால் வந்ததைத் தொடாது. அப்புறம் மூட்டையை மறுபடி கட்ட வேண்டும். டெபியனில், உபுண்டுவில் இயல்பாகவே பெரும்பாலான டிரைவர்களை அள்ளிப் போட்டுக்கொள்வதால் இந்தத் தொல்லை குறைவு. யாராவது இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் ‘மோஸ்ட்’ என்பதை ‘டெப்’ என்று மாற்றி வைத்திருந்தால் அங்கேயும் வரும். ஃபெடோராவின் டிராகட்டுக்கும் ‘ஹோஸ்ட்ஒன்லி’ என்ற பெயரில் இதே சிக்கனப் புத்தி உண்டு. புளூடூத் கீபோர்டை இந்த இடத்தில் எதிர்பார்க்கவே வேண்டாம். புளூடூத்துக்கான சேவைகள் எல்லாம் பூட்டிய டிஸ்க்குக்குள் இருக்கின்றன.

ஆர்ச்காரர்களுக்கு இன்னொரு குறும்பும் காத்திருக்கிறது. அப்டேட் போட்டிருப்பார்கள், கர்னல் மாறியிருக்கும், ரீபூட் செய்திருக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல். அதற்கான டிரைவர் கோப்புகளை அப்டேட் துடைத்துவிட்டுப் புதுக் கர்னலுக்கானவற்றை வைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து புதுக் கீபோர்டைச் சொருகினால் அதற்கான டிரைவர் ஏற்கெனவே நினைவகத்தில் இருந்தாலொழிய எடுக்காது. ரீபூட் செய்தால் சரியாகிவிடும், ஏன் சரியானது என்றுதான் தெரியாது.

அடுத்து, ‘முதல் எழுத்து மட்டும் விழ மாட்டேங்குது’ கோஷ்டி. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் தட்டினால் ‘வணக்கம்’ என்பது ‘ணக்கம்’ ஆகும். இது யுஎஸ்பியின் தூக்கம். உபயோகிக்காத கருவியைத் தூங்க வைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு லினக்ஸில் உண்டு. இதில் கர்னலைத் திட்டுவது நியாயம் இல்லை. அது தன்பாட்டில் ஹப்புகளைத் தவிர பெரும்பாலும் வேறு எதையும் தூங்க வைப்பதில்லை. யாரோ சொல்லித்தான் தூங்க வைக்கும், அந்த யாரோ பல சமயம் பவர்டாப். பேட்டரி நீடிக்கும் என்று எங்கோ படித்துவிட்டு ‘ஆட்டோ-ட்யூன்’ போட்டு, அதை ஒவ்வொரு பூட்டிலும் ஓடும்படியும் செய்துவிடுவார்கள். இதே வேலைக்கான டிஎல்பி இந்த விஷயத்தில் விவரமானது, கீபோர்டு மவுஸ் போன்றவற்றை அதுவாகவே விட்டுவிடும்.

இதற்கு இணையம் சொல்லும் மருந்து, யுஎஸ்பிகோரின் ஆட்டோசஸ்பெண்டுக்கு மைனஸ் 1 கொடுத்து மொத்த யுஎஸ்பிக்கும் தூக்கத்தை ஒழிப்பது. டெஸ்க்டாப் என்றால் போகட்டும். லேப்டாப்பில் ஒரு கீபோர்டுக்காக வெப்கேம், கைரேகைக் கருவி எல்லாவற்றையும் விழித்திருக்கச் சொல்வானேன்? பவர்டாப்பைத் திறந்து, ட்யூனபிள்ஸ் பக்கத்தில் கீபோர்டு இருக்கும் வரியில் என்டர் தட்டினால் ‘குட்’ என்பது ‘பேட்’ ஆகும். அந்த ‘பேட்’தான் நமக்கு வேண்டியது. அதே நேரம் அதற்கான கட்டளையையும் திரையில் காட்டும், எழுதி வைத்துக்கொண்டு யூடெவ் விதியாகப் போட்டுவிடலாம்.

மேல்மாடிக்கு வருவோம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வந்து, அங்கே நன்றாக டைப் ஆகிறது, டெஸ்க்டாப்பில் மட்டும் இல்லை என்றால் சிக்கல் யுஎஸ்பியில் இல்லை. அப்டேட் பாதியில் நின்றோ, தேவையற்றதை நீக்குகிறேன் என்று துடைத்தோ, எக்ஸ் சர்வரின் லிப்இன்புட் பொதி காணாமல் போயிருக்கலாம். அப்படியானால் மவுஸும் சேர்ந்து செத்திருக்கும், அது ஒரு நல்ல துப்பு. அந்தக் கறுப்புத் திரையிலேயே பொதியை மறுபடி நிறுவிவிடலாம்.

மவுஸ் ஓடுகிறது, கீபோர்டு மட்டும் ‘ரொம்ப நேரம் அழுத்தினாத்தான் விழுது’ என்றால், அக்கா வீட்டில் நடந்த கதை இது. “கீபோர்டு இறுகிப் போச்சுடா, புதுசு வாங்கணும்” என்று அக்கா சொன்னாள். விசையை அமுக்கிப் பிடித்தால் ஒரு எழுத்து விழுகிறது, வேகமாகத் தட்டினால் ஒன்றும் இல்லை. அக்கா பையன் கேம் விளையாடும்போது ஓடுவதற்காக ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பானாம். ஷிஃப்ட்டை 8 நொடி பிடித்திருந்தால் ‘ஸ்லோ கீஸ்’ என்ற வசதி ஆன் ஆகிவிடும். கை நடுக்கம் உள்ளவர்கள் தெரியாமல் பட்டுவிடும் விசைகளைத் தவிர்ப்பதற்காக வைத்த அருமையான வசதி அது. இன்னொரு தடவை 8 நொடி பிடித்தால் போய்விடும். அமைப்புகளில் அணுகல்தன்மைப் பக்கத்தில், கீபோர்டு மூலம் ஆன் செய்யும் தேர்வையே அணைத்துவிட்டு வந்தேன். ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் ‘ஸ்டிக்கி கீஸ்’ வருவதும் இதே குடும்பம். டெர்மினல் மட்டும் உறைந்து நின்றால் சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தியிருப்பீர்கள், கன்ட்ரோல் க்யூ அழுத்துங்கள். இதற்கெல்லாம் புதுக் கீபோர்டு வாங்கினவர்கள் உண்டு.

எழுத்து மாறி விழுந்தால் அது லேஅவுட் விவகாரம், கம்பியைத் தொட வேண்டாம். ராஸ்பெர்ரி பையில் ஹேஷ் குறிக்குப் பதில் பவுண்டு குறி வருவதற்குக் காரணம் அது பிறந்த பிரிட்டன். அமைப்பில் அமெரிக்க லேஅவுட்டைத் தேர்ந்தால் முடிந்தது. தமிழ் தட்டும்போது மட்டும் எழுத்து இரட்டிப்பதும் திக்குவதும் ஐபஸின் வேலையாக இருக்கலாம். ஐபஸை மறுதுவக்கம் செய்து பாருங்கள், ஆங்கிலத்தில் சரியாக இருந்தால் கீபோர்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கியவர்களின் நிரந்தரப் புகார், எஃப்1 முதல் எஃப்12 வரை வெளிச்சத்தையும் ஒலியையும் மட்டுமே மாற்றுகின்றன என்பது. சில கீபோர்டுகள் மேக்கிலும் ஓட வேண்டும் என்பதற்காகத் தங்களை ஆப்பிள் கீபோர்டு என்று அறிமுகம் செய்துகொள்கின்றன. எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் பார்த்தால் ஆப்பிளின் அடையாள எண்ணே நிற்கும். லினக்ஸும் நம்பி, ஹெச்ஐடி-ஆப்பிள் டிரைவரை மாட்டிவிடுகிறது. அந்த டிரைவரின் ‘எஃப்என்மோடு’ என்ற மதிப்பை 2 ஆக்கினால் எஃப் விசைகள் எஃப் விசைகளாகும். பூட்டுக்குப் பூட்டு நிலைக்க, மோட்புரோப் அடைவில் ஒரு வரிக் கோப்பு வைத்து இனிட்ராம்எஃப்எஸ் மூட்டையையும் மறுபடி கட்ட வேண்டும். புதிய கர்னல்களில் இந்த வேஷதாரிகள் சிலரை டிரைவரே கண்டுகொள்கிறது.

மலிவு விலை கேமிங் கீபோர்டில் விளக்கு எரியவில்லை என்கிறவர்களுக்கும் ஒரு வரி. அவற்றில் பலவற்றின் வெளிச்சம் ஸ்க்ரோல் லாக் விளக்கோடு இணைந்தது. லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் ஸ்க்ரோல் லாக்கைக் கண்டுகொள்வதில்லை. எக்ஸில் ‘எக்ஸ்செட் எல்இடி 3’ என்று தட்டுங்கள், வேலண்டில் என்றால் பிரைட்னெஸ்சிடிஎல் மூலம் ஸ்க்ரோல் லாக் விளக்குக்கு 1 கொடுங்கள்.

யுஎஸ்பிகார்டு என்ற பாதுகாப்பு மென்பொருளை நிறுவுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்கவும். பென் டிரைவ் தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு கட்டளைகளைத் தட்டிவிட முடியும் என்று 2014 பிளாக் ஹாட் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் காட்டிய பிறகு இந்தக் காவல் தேவைதான். ஆனால் இப்போது சொருகியிருப்பவற்றை அனுமதிக்கும் விதிகளை முதலில் உருவாக்காமல் சேவையைத் தொடங்கினால், காவலாளி முதலில் வெளியே தள்ளுவது உங்கள் கீபோர்டைத்தான்.

எப்படியோ கீபோர்டு செத்துவிட்டது, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, சேமிக்காத வேலை திறந்து கிடக்கிறது. மவுஸ் இருந்தால் அணுகல்தன்மை மெனுவில் திரைக் கீபோர்டு உண்டு, ஜிநோமின் லாகின் திரையிலேயே அது கிடைக்கும். அதைவிட நல்லது எஸ்எஸ்ஹெச். ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரை இன்றைக்கே, எல்லாம் நன்றாக இருக்கும்போதே நிறுவி வையுங்கள். கையில் இருக்கும் போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலி இருந்தால் அதே வைஃபையிலிருந்து உள்ளே நுழைந்துவிடலாம்.

நுழைந்ததும் டிமெஸ்ஜியில், எக்ஸ்ஹெச்சிஐ கன்ட்ரோலர் பதில் சொல்லவில்லை, செத்துவிட்டதாகக் கொள்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போனது கீபோர்டு அல்ல, யுஎஸ்பி கன்ட்ரோலரே மயங்கி விழுந்திருக்கிறது. அதனால்தான் மவுஸும் சேர்ந்து போயிருக்கும். எல்எஸ்பிசிஐ கட்டளையில் அதன் முகவரியை எடுங்கள். இன்டெல் இயந்திரங்களில் பெரும்பாலும் 00:14.0 என்று இருக்கும். முன்னால் நான்கு சுழியம், ஒரு முக்காற்புள்ளி சேர்த்து, சிஸ் அடைவுக்குள் பிசிஐ டிரைவர்களில் எக்ஸ்ஹெச்சிஐ_ஹெச்சிடி (நடுவில் அடிக்கோடு) என்பதன் ‘அன்பைண்ட்’ கோப்பில் ரூட்டாக எழுதுங்கள். பின் அதே முகவரியை ‘பைண்ட்’ கோப்பில். அந்த கன்ட்ரோலரில் தொங்கும் எல்லா யுஎஸ்பி கருவிகளும் ஒரு நொடி போய்த் திரும்பி வரும். வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் முதலில் அதை அன்மவுன்ட் செய்துவிடுங்கள். ரீபூட் இல்லாமல் எழுந்துவிட்டால் வேலையைச் சேமித்துவிட்டு, பயாஸ் அப்டேட்டும் புதுக் கர்னலும் வந்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் போட்டும் மறுபடி மறுபடி மயங்கினால், டெஸ்க்டாப்காரர்கள் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் யுஎஸ்பி கார்டு வாங்கிச் சொருகி, கீபோர்டை அதற்கு மாற்றிவிடலாம்.